நுழைவுத் தேர்வுக்குச் சொல்வளம்: பட்டியல் போதுமா?

ஆறாம் ஆண்டுக் கல்வி முடிவை நெருங்கும் காலத்தில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலரிடம் ஒரு கவலை எழுகின்றது. பிள்ளையைத் தனியார் இடைநிலைப் பள்ளிக்கோ பன்னாட்டுப் பள்ளிக்கோ அனுப்ப விரும்புவோர், “நுழைவுத் தேர்வில் வரும் கடினமான சொற்களை எப்படிப் படிக்க வைப்பது?” என்று ஆசிரியரை வினவுகின்றனர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் நகரிலும் வாழ்வோர், வசதியிருந்தால் தனிப்பயிற்சி வகுப்பை நாடுவர். தோட்டத்துப் பெற்றோர்க்கு அவ்வாய்ப்புக் குறைவு. அவர்கள் நம்பியிருப்பது பள்ளி ஆசிரியரை மட்டுமே. அவர்களுக்கு நாம் தரும் விடை பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலாகவே இருக்கின்றது. அப்பட்டியல் எந்த அளவுக்குப் பயன்படும், அதனினும் சிறந்த வழி உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வு புதிதன்று

நுழைவுத் தேர்வு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. மலாயா விடுதலை பெற்ற காலத்தில், தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இடம் பெறுவதற்கென்றே ஒரு தேர்வு இருந்தது. 1960இல் வெளிவந்த ரஹ்மான் தாலிப் அறிக்கை, பள்ளியை விட்டு நீங்கும் வயதை 15ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1965 முதல் அந்த நுழைவுத் தேர்வின்றியே பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாயினர். பின்னர் 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கிற்று, அது கடைசியாக 2019இல் நடைபெற்று, 2021இல் நீக்கப்பட்டது.

ஆயினும், தேர்வு நீங்கியதால் தடை நீங்கிவிடவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்மொழி வழி இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுள் பலர், தேசிய மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமையால், ஓராண்டுக் காலம் புகுமுக வகுப்பில் தங்கிச் செல்ல நேர்ந்ததை நாம் அறிவோம். கணக்கில் வல்ல பிள்ளையும் சொல்லில் தளர்ந்தமையால் ஓராண்டை இழந்தது. தனியார் பள்ளித் தேர்வுகளிலும் பிள்ளை இடறும் இடம் பெரும்பாலும் சொல்லே.

தேர்வு கேட்பது யாது?

பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பன்னாட்டுப் பள்ளிகள் பல, ‘கேட்-4’ எனப்படும் அறிதிறன் தேர்வைப் பயன்படுத்துகின்றன. அதன் சொற்பகுதியில் இரு வகை வினாக்கள் உண்டு. முதல் வகையில் மூன்று சொற்களைத் தந்து, அவற்றோடு இனமாகச் சேரும் நான்காம் சொல்லைத் தெரிந்தெடுக்கச் சொல்வர். இரண்டாம் வகையில் ஓர் இணைச் சொற்களைத் தந்து, அவற்றிடையே உள்ள உறவு எதுவோ அதே உறவு மற்றோர் இணையிலும் அமையுமாறு விடை கேட்பர். அமெரிக்கத் தனியார் பள்ளிகளுக்குரிய எஸ்.எஸ்.ஏ.டி. தேர்வின் இடைநிலை, மேல்நிலைப் பிரிவுகளில், 30 நிமிடத்தில் 60 சொல் வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். அவற்றுள் 30 வினாக்கள் ஒருபொருட் சொற்கள் பற்றியவை, 30 வினாக்கள் ஒப்புமை பற்றியவை.

இவற்றை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். “இச்சொல்லுக்குப் பொருள் என்ன?” என்பது மட்டும் அங்குக் கேள்வியன்று. “இச்சொல்லுக்கு உறவு யார்?” என்பதும் கேள்வி. உளி தச்சனுக்கு எப்படியோ அப்படிக் கலப்பை உழவனுக்கு. சினம் முற்றினால் சீற்றம், அச்சம் முற்றினால் திகில். இவ்வாறு கருவி, தொழில், பகுதி, முழுமை, காரணம், விளைவு, மிகுதி, குறைவு எனச் சொற்களிடையே உறவு காணத் தெரிந்த பிள்ளையே விரைந்து விடையளிக்கும். தனித்தனிச் சொல்லாக மனனம் செய்த பிள்ளைக்கு அவ்வுறவு தெரியாது.

பட்டியலின் குறை

பட்டியல்வழிப் படிப்பின் விளைவை நம் தமிழ் வகுப்பிலேயே காணலாம். ‘சொல்’ என்பதற்குக் கூறு, உரை, மொழி, பகர், இயம்பு, நவில், செப்பு, விளம்பு என்று எட்டுச் சொற்களை ஒரு மாணவன் மனனம் செய்தான். பின்னர்க் கட்டுரையில், ‘அம்மா என்னைக் கடைக்குப் போகும்படி நவின்றார்’ என்று எழுதினான்! பொருள் தவறன்று, ஆனால் படிப்போர்க்கு நகைப்பு வருகின்றது. பட்டியல் அவனுக்குச் சொல்லைத் தந்தது. அச்சொல் எங்கே பழகும், எதனோடு சேரும் என்பதைத் தரவில்லை.

அதே சொற்களை வேறு வகையாகக் கற்பிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை வகுப்பில் மாட்டுங்கள். அதில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ‘உரை’ வருகின்றது. தீர்மானத்தை ஒருவர் முன்மொழிகின்றார், மற்றொருவர் வழிமொழிகின்றார், அங்கே ‘மொழி’ வினையாக நிற்கின்றது. இறுதியில் நன்றி நவில்தல். மூன்று சொற்களும் தத்தம் இடத்தில் அமர்ந்திருக்கக் கண்ட பிள்ளை அவற்றை இடம் மாற்றி வைக்காது.

முன்னோர் கண்ட நெறி

“அக்காலத்தில் நிகண்டை மனனம் செய்துதானே புலவராயினர்?” என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. திண்ணைப் பள்ளிகளில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு மனனப் பாடமாக இருந்தது உண்மை. ஆனால் நிகண்டு வெறும் பட்டியலன்று. திவாகரமாயினும் சூடாமணியாயினும் பன்னிரு தொகுதிகளாகப் பகுக்கப்பட்டது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனவும், பண்பு, செயல், ஒலி எனவும் பொருளினம் கருதியே சொற்கள் கூட்டப்பட்டன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவன தனித் தொகுதியாயின. செய்யுள் வடிவம் நினைவுக்குத் துணை நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிகண்டு கற்ற மாணவன் உடனே இலக்கியம் பாடங்கேட்டான். கற்ற சொல்லை அங்கே நேரில் கண்டான். நாம் நிகண்டிலிருந்து மனனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இனப்பகுப்பையும் இலக்கியப் பயிற்சியையும் விட்டுவிட்டோம்.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகரவரிசைப்படுத்தியது பெருந்தொண்டே. தெரியாத சொல்லைத் தேடுவதற்கு அகரவரிசை இன்றியமையாதது. சொல்லைக் கற்பதற்கோ இனவரிசையே ஏற்றது. அகராதியைப் பாடநூலாக்கினால், பெயரேட்டைப் படித்து ஊராரோடு உறவாட முயல்வது போலாகும்.

இதற்கும் முற்பட்ட நெறி ஒன்று உண்டு. தொல்காப்பியர் உரியியலில், யாவர்க்கும் விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை என்றும், பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்திப் பொருளுணர்த்த வேண்டுமென்றும் கருதுகின்றார். சொல் கற்பிக்கும் கலை முழுவதும் இக்கருத்தில் அடங்கும் எனலாம். புதுச்சொல் தானாக நில்லாது. பிள்ளை முன்னரே அறிந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே அது நிற்கும்.

தோட்டத்துப் பிள்ளையின் கைம்முதல்

அப்படியாயின், தோட்டத்துப் பிள்ளையிடம் பற்றுக்கோடாகும் சொற்கள் உண்டா? மிகுதியாகவே உண்டு. ‘நெரை’ என்று அவன் பாட்டி சொல்லும் மரவரிசை ‘நிரை’ என்னும் பழஞ்சொல்லே. அதனைப் பற்றி நிரல், நிகழ்ச்சி நிரல், நிரல்படுத்து, யாப்பிலக்கணத்தின் நிரையசை ஆகியவற்றுக்குச் செல்லலாம். ஒட்டுக்கன்றை அறிந்த பிள்ளைக்கு ஒட்டுண்ணி, ஒட்டுறவு, முன்னொட்டு, பின்னொட்டு என்பன அயலல்ல. செம்பனைக் குலையை அறிந்தவன், வாழைக்குக் குலை, நெல்லுக்குக் கதிர், பூவுக்குக் கொத்து என இனம் பிரித்து நோக்கத் தொடங்குவான். இனம் பிரிக்கும் அப்பழக்கமே நுழைவுத் தேர்வின் முதல் வகை வினாவுக்கு வேண்டிய பழக்கம். வீட்டுப் பேச்சைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கும் ஆசிரியர், பிள்ளையின் கைம்முதலையே பறித்துவிடுகின்றார்.

வேரும் கிளையும்

தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குச் செல்ல வேர்ச்சொல்லே நல்ல பாலம். ‘அறி’ என்னும் ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். அறிவு, அறிஞர், அறிக்கை, அறிவிப்பு, அறிகுறி, அறிமுகம், அறிவியல், அறியாமை என எட்டுச் சொற்கள் அதன் கிளைகள். இவற்றைத் தனித்தனியே படித்தால் எட்டுப் பாடம். ஒரு குடும்பமாகப் படித்தால் ஒரே பாடம்.

சில குடும்பங்களில் புணர்ச்சி உறவை மறைத்துவிடும். ளகரம் டகரமாகத் திரியும் என்னும் ஒரு விதியைக் கற்பித்தால், மூடிய கதவுகள் பல திறக்கும். ‘கேள்’ என்பது ‘கேட்டான்’ ஆவதைப் பிள்ளை நாள்தோறும் கேட்கின்றது. அதனைக் காட்டி, ஆள் – ஆட்சி, கோள் – கோட்பாடு, வேள் – வேட்கை, வேட்பாளர் என்று செல்க. ‘வேள்’ என்பது விரும்புதல். ஆகவே பதவியை வேட்பவர் வேட்பாளர். தேர்தல் சுவரொட்டியில் கண்ட சொல்லும் இலக்கியத்து வேட்கையும் உடன்பிறப்புகள் என்றறியும் மாணவன் அடையும் மகிழ்ச்சி, மனப்பாடத்தில் கிட்டாதது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓசை ஒத்தனவெல்லாம் உறவாகா. நடுவர் என்பதற்கும் நடுக்கம் என்பதற்கும் தொடர்பில்லை. உரையாடலில் உள்ள உரை வேறு. பொன்னைத் தேய்த்துப் பார்க்கும் உரைகல்லில் உள்ள உரை வேறு. ஐயம் எழுந்தால் அகராதியை நாட மாணவரைப் பழக்குக. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதன்மைத் தொகுதிகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதனை ஆசிரியர் அறையிலேனும் வைத்திருத்தல் நலம்.

மும்மொழிக்கும் ஒரே வழி

“தேர்வு ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும், தமிழ்ச் சொல் எதற்கு?” என்பது பெற்றோர் எழுப்பும் தடை. தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றாகாது. ஆங்கில நூல்களைப் படித்தே தீரவேண்டும். ஆனால் சொல்லுறவு காணும் திறன் ஒரு மொழியில் அமைந்துவிட்டால், அடுத்த மொழியில் கற்கவேண்டியது பெயரை மட்டுமே. சினத்துக்கும் சீற்றத்துக்கும் வேறுபாடு உணராத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அவ்விரண்டையும் குறிக்கும் சொற்கள் இரட்டைச் சுமை.

மலாய்மொழியும் குடும்பம் குடும்பமாகவே வளர்வது. ‘ஆஜார்’ என்னும் அடிச்சொல்லிலிருந்து மெங்ஙாஜார் என்றால் கற்பித்தல். பெங்ஙாஜார் என்றால் கற்பிப்பவர். ஆஜாரான் என்றால் போதனை. தமிழில் ‘அறி’க் குடும்பத்தைக் கண்ட பிள்ளைக்கு இது விளையாட்டு. அன்றியும், தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள் பல: கடை கெடாய் ஆயிற்று; கட்டில் காத்தில் ஆயிற்று; முதல் மொடால் ஆயிற்று; மாப்பிள்ளை மெம்பெலாய் ஆனார். இவற்றைச் சொன்னால் மலாய்மொழி அயல்மொழி என்னும் அச்சம் பாதி அகலும்.

ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்னும் லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்பது பொருள். உள்ளே கொணர்வது இம்போர்ட், வெளியே கொண்டுசெல்வது எக்ஸ்போர்ட், சுமப்பவர் போர்ட்டர். கிள்ளான் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கண்ட பிள்ளைக்கு ஏற்றுமதி, இறக்குமதி என்னும் தமிழ்ச் சொற்களோடு இவற்றையும் சேர்த்துக் காட்டலாம். துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ மட்டும் வேறொரு லத்தீன் சொல்வழி வந்தது என்பதையும் உடன் கூறுக.

வகுப்பறையில் செய்யத்தக்கன

எம் பள்ளியில் கையாளும் முறை எளியது. வாரத்துக்கு 8 சொற்களே, 30 அல்ல. ஒவ்வொரு மாணவனிடமும் சொல்லேடு ஒன்று இருக்கும். புதுச்சொல்லை முதலில் அது வந்த வாக்கியத்தோடு எழுதுவான். அதன் கீழே அதன் உறவுச் சொல் இரண்டு, எதிர்ச்சொல் ஒன்று, மலாய், ஆங்கில நிகர்ச்சொற்கள், இறுதியாகத் தன் சொந்த வாக்கியம் ஒன்று. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அதே சொல் வேறு வடிவில் வினாவாக வரும். வெள்ளிக்கிழமைதோறும் மாணவரே ஒப்புமை வினாக்களை ஆக்கி ஒருவரையொருவர் கேட்பர். வினா ஆக்கத் தெரிந்தவனுக்கு விடை கடினமன்று.

இவ்வளவு குறைந்த எண்ணிக்கை போதுமா என்ற ஐயம் எழலாம். ஜெர்மானிய அறிஞர் எப்பிங்கவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆராய்ச்சி அதற்கு விடை கூறும். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்தார்; பின்பு அதே முறையில் ஓர் ஆங்கிலக் காவியத்தின் செய்யுள்களையும் மனனம் செய்தார். பொருளுள்ள செய்யுளுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முயற்சியே வேண்டியிருந்தது. உறவறியாத சொற்பட்டியல் பிள்ளைக்குப் பொருளற்ற அசைக்கூட்டம் போன்றதே. 8 சொற்களை வேரோடு கற்றால், அவற்றின் கிளைகளாகிய 30 சொற்கள் தாமே வந்து சேரும்.

இம்முறைக்குக் கட்டணமில்லை, விலைமிக்க நூலும் வேண்டா. வேண்டுவன ஒரு சொல்லேடு, ஓர் அகராதி, ஆசிரியரின் பொறுமை ஆகிய மூன்றே. ஆனால் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கினால் பயன் சிறிது. நான்காம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நாம் தரக்கூடிய நுழைவுச் சீட்டு இதுவே. தேர்வே எழுதாத பிள்ளைக்கும் இச்சொல்வளம் வாழ்நாள் முழுதும் உடன் வரும். ஆசிரிய அன்பர்கள் இம்முறையை ஒரு தவணையேனும் தம் வகுப்பில் கையாண்டு பார்ப்பார்களாக.