பெலாஜியக் கொள்கை

பெலாஜியக் கொள்கை என்பது, மனிதர் தம் விருப்பத்தாலும் முயற்சியாலும் சோதனைகளை வென்று பாவமின்றி வாழ முடியும் என்று கூறும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் போதித்த பெலாஜியுஸ் என்ற துறவியின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. கடவுள் இயலாததைக் கட்டளையிடமாட்டார். எனவே பாவத்தைத் தவிர்ப்பது அவரவர் கையில் உள்ளது என்று அவர் வாதிட்டார்.

ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் இதை மறுத்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித விருப்பம் நலிவுற்றது. இறையருள் இன்றி நன்மையை விரும்பவும் இயலாது என்றார். சொந்த முயற்சியே போதுமானால் சிலுவை எதற்கு, சோதனையில் விழுந்தவருக்கு நம்பிக்கை எங்கே என்பதே அவருடைய கேள்வி.

418இல் கார்த்தேஜ் சங்கம் இக்கொள்கையைக் கண்டித்தது. 529இல் கூடிய ஒராஞ்சு சங்கம், அருளே முந்தியது என்றும், திருமுழுக்குப் பெற்றோர் அதன் துணையோடு உழைக்க வேண்டும் என்றும் அறிவித்தது.