540 கிலோமீட்டருக்கு அரை நாள்

டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, ஊதிக் குடியுங்கள். கணக்கை மெதுவாகவே போடலாம்.

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் இருக்கிறது உட்கியாக்விக். 2016 வரை அதற்கு பாரோ என்று பெயர். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதற்குத் தென்மேற்கே, அதே மாநிலத்தில் கோட்ஸெபியூ. அங்கே மூவாயிரம் சொச்சம் பேர். இரண்டுமே இன்யூபியாட் மக்களின் ஊர்கள். இரண்டுக்கும் வெளியூர்ச் சாலை கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து போனால் எவ்வளவு தூரம்?

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் ஸ்கேலை வைத்துவிடாதீர்கள். வடக்கே போகப் போக அது ஊர்களை இழுத்து விரித்துக் காட்டும். அட்சரேகையில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 4.4 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 488. தீர்க்கரேகையில் 5.8 டிகிரி. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு டிகிரி, துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே வந்து, இந்த இடத்தில் 40 ஆகிவிடுகிறது. ஆக 232. பள்ளியில் படித்த பிதாகரஸை எடுங்கள்: 488-இன் வர்க்கம், 232-இன் வர்க்கம், கூட்டி மூலம் எடுத்தால் 540 கிலோமீட்டர். உருண்டைப் பூமிக்கான பெரிய சூத்திரமும் ஏறத்தாழ இதையேதான் சொல்லும்.

ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல். தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லும் பதில் இவ்வளவுதான். என்னைக் கேட்டால், பயணம் போகிறவருக்கு அது உதவாது.

ஏனென்றால் ஜெட் அந்த நேர்கோட்டில் பறப்பதில்லை. பெரிய சிகிச்சை, பெரிய கடை, மேல்படிப்பு, எதற்கும் இரண்டு ஊர்க்காரர்களும் பெரும்பாலும் தெற்கே ஆங்கரேஜ் நகருக்குத்தான் போகிறார்கள். ஒருவர் ஊருக்கு மற்றவர் போவது குறைவு. விமான நிறுவனமும் கூட்டம் போகிற பக்கம்தான் போகும். ஆகவே உட்கியாக்விக்கிலிருந்து ஆங்கரேஜ் 1,160 கிலோமீட்டர், அங்கிருந்து கோட்ஸெபியூ 880. மொத்தம் 2,040, நேர்வழியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வானில் மூன்றரை மணி நேரம், நடுவே அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு. அரை நாள் போய்விடும். நேரம் ஒத்துவராவிட்டால் ஆங்கரேஜில் ஓர் இரவு.

இதோடு பனிமூட்டத்தையும் சேர்க்க வேண்டும். கோடையில் கடலிலிருந்து எழுந்து ஓடுபாதையையே மறைத்துவிடும். இங்கே பறப்பதன் ஆபத்தை விமான நிலையங்களின் பெயர்களே சொல்லும்; இரண்டும் விமான விபத்தில் இறந்தவர்களுடையவை: உட்கியாக்விக்கில் 1935-இல் ஊருக்கருகே விழுந்து மாண்ட விமானி வைலி போஸ்டும் நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸும்; கோட்ஸெபியூவில் 1930-இல் இறந்த விமானி ரால்ஃப் வீன்.

அந்த 540 கிலோமீட்டரையே பறக்க வேண்டுமென்றால் சிறு விமானத்தை வாடகைக்குப் பேச வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் போகும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு, புரூக்ஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். எதிர்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் இரண்டேகால்.