யூதத் தெருவில் ஒரு வாக்கு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் போஸ்ட் கார்டு விற்கும் பையன்களைச் சுற்றுலாப் பயணிகள் பெரிதாகக் கவனிப்பதில்லை. வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். 1980களில் அங்கே விற்றுக்கொண்டிருந்த தாஹா இப்ராஹிமை ஒருவர் கவனித்தார். அதே தெருவில் வசித்த யூதரான ஜேக்கப் கோஹன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்த முஸ்லிம் சிறுவனிடம் நின்று பேசினார். சரக்கை வைத்துக்கொள்ளத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார்.

ஜேக்கபின் மனைவி சாராவுக்கு முதலில் இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. அவர் மனதை மாற்றியது ஊசியும் நூலும்தான். சாரா எம்பிராய்டரியில் கைதேர்ந்தவர். யூதர்களின் கிப்பா தொப்பிகள், பண்டிகை ரொட்டியை மூடும் துணிகள் என்று அவர் தைத்தவற்றை வெளிநாட்டினர் தேடி வந்து வாங்குவார்கள். ஜெப ஆலயத்துக்கான தையல் வேலை ஒன்று வந்தபோது தாஹா உதவினார். அவருடைய தந்தை டெய்லர். வீட்டிலேயே பார்த்துப் பழகிய வேலை. பையனுக்கு வேலை தெரியும் என்று கண்டுகொண்ட சாரா, நாளடைவில் அவரை நம்பிக் கடையையே ஒப்படைத்தார்.

1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். கோஹன் தம்பதி போகவில்லை. அவர்களுக்குக் குழந்தைகளும் இல்லை. ஜேக்கப் இறப்பதற்கு முன் தாஹாவிடம் கேட்டது ஒன்றுதான்: சாராவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாஹா வாக்குக் கொடுத்தார். 2019 ஆகஸ்டில் 96 வயதில் சாரா கண்மூடும்வரை, சுமார் 20 ஆண்டுகள், குடும்பத்தோடு அவரைப் பராமரித்தார்.

இந்தக் கதையை மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது தொடங்கிய இடம் மிகச் சாதாரணமானது. ஒரு பெரியவர் தெருவில் விற்கும் பையனை மதித்து அவன் கதையைக் கேட்டார். ஒரு பெண்மணி அவன் கைவேலையை மெச்சினார்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? காய்கறிக்காரம்மாவிடமும் பஸ் கண்டக்டரிடமும் முகம் பார்க்காமலே ஒரு 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டு நகர்வது நம் வழக்கம். துணி தைத்துத் தந்தவரிடம், காஜா எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் போதும். சொல்பவர் மறந்துவிடலாம், கேட்டவர் மறப்பதில்லை.

சாரா மறைந்த பிறகும் தாஹா கடையை நடத்தினார். சாராவின் பெயரிலேயே.