டீசல் காரில் புகை வடிகட்டியைக் கழற்றினால் ஜெயில்!
மெக்கானிக்கும் தப்ப முடியாது

சென்னை–

டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. அணைவதே இல்லை. வண்டியும் இழுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. டீசல் கார்க்காரர் நேராக ஒர்க்ஷாப்புக்கு ஓடுகிறார்.

"என்னப்பா, லைட்டு எரியுது. என்ன செலவாகும்?"

"புகை பில்டர் அடைச்சுப் போச்சு சார். கம்பெனியிலே புதுசு போட்டா தாங்க மாட்டீங்க. டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கறதை எடுத்துட்டு, திரும்ப வெல்டு வச்சுத் தர்றேன். கம்ப்யூட்டர்லேயும் கொஞ்சம் மாத்திட்டா லைட்டே எரியாது. வெளியிலே பார்த்தா எவனுக்கும் தெரியாது!"

டீசல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் யோசனை இது. காசு மிச்சம் என்று தலையாட்டுபவர்களும் உண்டு. அந்தத் தலையாட்டல் ஜெயில் வரை கொண்டு போய் விடலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

டப்பாவுக்குள் என்ன?

'டி.பி.எப்.' என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த வடிகட்டியைத்தான். உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள். டீசல் புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக் கொள்ளும். சுமார் 600 டிகிரி சூடு ஏறும்போது அந்தக் கரி எரிந்து சாம்பலாகும்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் 'பாரத் ஸ்டேஜ் 6' விதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய விதிப்படி டீசல் கார் ஒரு கிலோ மீட்டருக்கு 25 மில்லி கிராம் தூசு வரை கக்கலாம். புதிய விதியில் அது 4.5 மில்லி கிராமாகக் குறைந்தது. இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதே அந்த டப்பாதான். அதைக் காலி செய்தால் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான் 'ஸ்டேஜ் 6' இருக்கும். வண்டியில் இருக்காது.

'இ.ஜி.ஆர்.' வால்வைத் தகடு வைத்து அடைப்பதும் இதே ரகம்தான். நைட்ரஜன் நச்சு வாயுவைக் குறைக்க வைத்த கருவி அது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது.

அதே ஆண்டு சட்டம் மேலும் கடுமையாகத் திருத்தப்பட்டது. விதியை மீறி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். அந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் புகை விதியை மீறினால் அது தனிக் குற்றம். முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதத்துக்குப் பறிபோகும்.

"மாட்டினால் வண்டிக்காரர்தானே?" என்று மெக்கானிக் நினைக்க வேண்டாம். சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லில் ரிப்பேர் தொழில் செய்பவரும் அடக்கம். விதிக்கு மாறாக வண்டியை மாற்றிக் கொடுக்கும் டீலருக்கு ஓராண்டு வரை ஜெயில், அல்லது வண்டி ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்!

சர்டிபிகேட் காப்பாற்றுமா?

"புகை டெஸ்டில் பாசாகி விட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. டெஸ்டில் குழாய்க்குள் கருவியை வைத்து, ஆக்சிலேட்டரை மிதித்து, புகையின் கருமையைப் பார்க்கிறார்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. பாசானாலும், பாகத்தைக் கழற்றியது குற்றமே.

பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். இல்லையென்றால் வண்டி பெயில்.

வழி என்ன?

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஊருக்குள்ளேயே உருட்டுவதுதான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டியில் கரி எரியும் அளவுக்குச் சூடு ஏறாது. விளக்கு எரிந்த உடனே, வண்டியோடு கொடுத்த கையேட்டில் சொன்னபடி, மதுரவாயல் பைபாஸ் மாதிரி நிற்காமல் போகக்கூடிய ரோட்டில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பல சமயம் தானே சரியாகி விடும். ஆகாவிட்டால் ஒர்க்ஷாப்பில் கருவி வைத்து எரிக்கச் செய்யலாம். கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றுவதும் முக்கியம். தினமும் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிறவர், டீசல் வாங்குவதற்கு முன் யோசிப்பதே நல்லது.

பழைய கார் வாங்குகிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் விரலில் கரி அதிகம் ஒட்டாது. மை பூசியது போல வந்தால் சந்தேகப்படுங்கள். டப்பாவில் புது வெல்டிங் தழும்பு இருந்தால் பேரத்தை நிறுத்துங்கள். வாங்கிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்து விட்டது. கண்ணாடியை ஏற்றி விட்டு, ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு போகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். பின்னால் மொபெட்டில் பிள்ளையை முன்னே நிறுத்திக் கொண்டு வருகிறவர்தான் அதை மூச்சாக இழுக்கிறார்.