ஒரு பிடி அரிசியின் கணக்கு

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்கு அருகே ஒரு சிறிய மண்கலயம் இருந்தது. நாள்தோறும் உலை வைக்கும் முன் என் தாயார் அதில் ஒரு பிடி அரிசியைப் போடுவார். மாத இறுதியில் ஆதரவற்ற குழந்தைகள் விடுதியிலிருந்து ஒருவர் மிதிவண்டியில் வந்து அதைப் பெற்றுச் செல்வார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இது நடந்து வந்தது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

தாயார் மறைந்த பிறகு, கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த நான் அந்தக் கலயத்துக்குக் கணக்குப் பார்த்தேன். ஒரு பிடி என்பது சுமார் 50 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கிலோ. அதன் விலையைப்போலப் பல மடங்கு தொகைக்கு ஆண்டுக்கொரு காசோலை அனுப்பினால் விடுதிக்கும் நன்மை, நமக்கும் வேலை மிச்சம் என்று தோன்றியது. அப்படியே செய்தேன். கலயம் பரணுக்குப் போயிற்று. என் கணக்கில் ஒரு பெரிய இனம் விடுபட்டுப் போனதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

பிடி அரிசி என் தாயார் தொடங்கிய வழக்கமன்று. எங்கள் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி, வணிகர்கள் அளித்த மகமை நிதியாலும் வீடுதோறும் திரட்டப்பட்ட பிடி அரிசியாலும் வளர்ந்தது. ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்த அந்தப் பள்ளியில்தான் காமராஜரும் படித்தார். படிப்பைத் தொடர இயலாமல் இடையில் நின்ற அந்தச் சிறுவனே பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கலயத்து அரிசிதான் அந்தத் திட்டத்துக்குக் காரணம் என்று நேர்கோடு போட்டுவிடுவது ஆய்வுக்கு அழகன்று. ஆனால், ஊர் கூடினால் ஒரு பள்ளியை நடத்தலாம் என்பதைச் சிறு வயதில் கண்ணால் கண்டவர், அரசு கூடினால் அதைவிடப் பெரியதைச் செய்யலாம் என்று நம்பியதில் வியப்பில்லை.

பிடி அரிசியைப் பற்றிச் சொன்னவுடன் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்ற பழமொழி நம் நினைவுக்கு வரும். அது அளவைப் பற்றிய உண்மை. என் கணக்குப்படி 500 வீடுகள் சேர்ந்தால் ஆண்டுக்கு 9 டன் அரிசி. ஆனால், பொருளாதார மாணவனை உறுத்தும் கேள்வி வேறு. மற்ற 499 வீடுகள் போட்டால் போதுமே, நான் ஏன் போட வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-இல் வெளியிட்ட கூட்டுச் செயல்பாடு பற்றிய தம் நூலில் முன்வைத்தார். பொதுநன்மை எல்லாருக்கும் கிடைக்கும் என்னும்போது, பெரிய குழுக்களில் தன்னலம் கருதும் மனிதன் தன் பங்கைச் செலுத்தாமல் பயனை மட்டும் நுகர விரும்புவான். கட்டாயமோ தனிச் சலுகையோ இல்லாமல் பொதுக்காரியம் நடப்பது அரிது என்பது அவர் வாதம். இதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் வீட்டுக் கலயம் இந்த வாதத்துக்கு அடங்காதது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பாசன வாய்க்கால், காடு, மீன்பிடி நீர்நிலை போன்ற பொதுச்சொத்துகளை மக்கள் எப்படிப் பேணுகிறார்கள் என்று ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற அவர், அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி. மனிதர்களில் பலர் முழுத் தியாகிகளும் அல்லர், முழுத் தன்னலக்காரர்களும் அல்லர். அடுத்தவர் தம் பங்கைச் செய்கிறார் என்று தெரிந்தால் தாமும் செய்வார்கள் என்பது அவர் ஆய்வுகள் உணர்த்தும் செய்தி. அப்படியானால் ஊரில் முதலில் செய்பவர் ஒருவர் வேண்டும். அவர் செய்வது பிறர் கண்ணில் பட வேண்டும். பார்ப்பவரால் அதைத் தம் சக்திக்குள் செய்ய முடிய வேண்டும். பிடி அரிசியில் இந்த மூன்றும் உண்டு. என் காசோலையில் முதல் ஒன்று மட்டுமே உண்டு.

எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பெரியாழ்வார் மேற்கொண்ட தொண்டு, ஒரு நந்தவனத்தைப் பேணி, பூத்தொடுத்து வடபத்ரசாயிக்கு மாலை சூட்டுவது. கோயில் கட்டுவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பணி. அந்தத் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை, தந்தை மாலை தொடுப்பதைப் பார்த்து வளர்ந்து, அந்த மாலையைத் தான் சூடிக் கொடுத்த ஆண்டாளானாள் என்பது வைணவ மரபு. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் சித்திரைத் திருவிழாவில் மதுரையில் வைகை ஆற்றில் எழுந்தருளும் கள்ளழகருக்குச் செல்கிறது. புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவ கருட சேவைக்கும் செல்கிறது. வரலாற்றில் எத்தனையோ அரசுகள் வந்து போயின. மாலை தொடுக்கும் கைகள் மாறினவே தவிர, தொடுப்பது நிற்கவில்லை. நம்பிக்கை உள்ளவர் இதில் இறையருளைக் காண்பார். நான் ஒரு வீட்டுப் பழக்கம் ஊர்ப் பழக்கமாகி நிலைபெற்றதையும் சேர்த்துக் காண்கிறேன்.

ராஜபாளையத்தில் வேறு வகையான எடுத்துக்காட்டு உண்டு. பூ.ச. குமாரசுவாமி ராஜா 1898-இல் இங்கு பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். காந்தியப் பற்றாளர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும், பின்னர் ஒடிசா ஆளுநராகவும் இருந்தவர். 1952 பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி அவரைத் தோற்கடித்தது. வென்றாலும் தோற்றாலும் ஊருக்கு அவர் விட்டுச் சென்றது தம் சொந்த வீடு. அதுவே காந்தி கலை மன்றம். கல்லூரி மாணவனாக அங்கு உரைகள் கேட்கச் சென்றபோது, ஒரு முதல்வர் குடியிருந்த வீட்டில் அமர்ந்திருக்கிறோம் என்ற எண்ணமே எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. வீட்டைக் கொடுப்பது சிறிய செயலன்று. எல்லாராலும் செய்யக்கூடியதும் அன்று. ஆயினும், பதவியில் இருந்தவர் ஊருக்கு எடுத்துத் தர வேண்டியவர் என்ற எண்ணத்தை அது எங்கள் தலைமுறையின் மனத்தில் பதித்தது.

இனி, விடுபட்ட இனத்துக்கு வருகிறேன். பணி ஓய்வுக்குப் பின் ஒருநாள், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி வசிக்கும் அம்மையார் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அடுப்பங்கரை வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அரிசி இருந்தது. என்னவென்று கேட்டேன். "உங்க அம்மா போடுறதைப் பார்த்துத்தான் சார் நானும் ஆரம்பிச்சேன். இப்ப என் மருமகளும் போடுறா" என்றார். என் தாயார் அவரிடம் இது பற்றி ஏதாவது சொன்னதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

தாயாரின் கலயம் அடுத்த வீட்டின் இரண்டு தலைமுறையை எட்டியிருக்கிறது. நான் அனுப்பிய காசோலைகளைப் பற்றி என் பிள்ளைகளுக்கே தெரியாது. விடுதிக்குக் கூடுதல் பணம் போயிற்று என்பது உண்மை. ஆனால், அடுத்துக் கொடுக்க வேண்டியவர்களை உருவாக்கும் வேலையை நான் நிறுத்திவிட்டேன்.

பிறர் கண்ணில் பட வேண்டும் என்றால் விளம்பரம் வேண்டும் என்று பொருளன்று. கோயில் குழல்விளக்கில் வெளிச்சம் வெளியே வராதபடி 'உபயம்' எழுதியிருப்பதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். இன்று உணவுப் பொட்டலம் வாங்குபவரின் முகத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்புகிறோம். அதைப் பார்ப்பவருக்குக் கொடுத்தவரின் பெயர் தெரியும். தாமும் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது குறைவு. வாங்கியவருக்கு மிஞ்சுவது கூச்சம். அன்றாட வேலையோடு வேலையாகச் செய்யப்படுவதும், உடன் இருப்பவர் இயல்பாகப் பார்ப்பதுமே பின்பற்றத் தூண்டுகின்றன.

பிடி அரிசியால் வறுமை ஒழிந்துவிடாது. அதற்கு வரி வேண்டும், திட்டம் வேண்டும், அரசு வேண்டும். ஆனால், பிறருக்காக ஒரு பிடி ஒதுக்கிப் பழகாத சமூகம், வரி செலுத்துவதையும் அபராதமாகவே கருதும்.

கலயத்தைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். விடுமுறைக்கு வந்த பேரன், "இது யாருக்குத் தாத்தா?" என்று கேட்டான். சொன்னேன். மறுநாள் காலை அவன் கையால் அள்ளிப் போட்டது கால் பிடிகூட இராது. பாதி தரையில் சிந்தியது. காசோலையும் தொடர்கிறது. இரண்டில் எது பெரிய தொகை என்று இப்போது நான் கணக்குப் பார்ப்பதில்லை.