உஷார்! கசங்கிய பேஸ்பால் கார்டை கிரேடிங்குக்கு அனுப்பப் போகிறீர்களா?

அமெரிக்காவில் கராஜ் சேலில் ஒரு ஷூ பெட்டி நிறையப் பழைய பேஸ்பால் கார்டுகள் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் 1950களில் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட கார்டுகள். மூலை மழுங்கி, குறுக்கே மடிப்பு விழுந்து, பின்பக்கம் பசைக்கறையோடு இருக்கின்றன. அவற்றை மொத்தமாகக் கட்டி கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த ஆசையில் நல்ல பணத்தை இழப்பவர்கள் ஏராளம்.

2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பலர் கண்ணை மறைப்பது இந்த மாதிரிச் செய்திதான். அந்தக் கார்டுக்கு எஸ்ஜிசி என்ற கிரேடிங் கம்பெனி கொடுத்த கிரேடு பத்துக்கு 9.5. எழுபது ஆண்டு ஆகியும் புத்தம் புதிதாக இருந்த கார்டு அது. அதே வருடம், அதே கம்பெனி என்பதற்காக உங்கள் பெட்டியில் இருக்கும் யாரோ ஒரு ஆட்டக்காரரின் கசங்கிய கார்டுக்கு அந்த விலையில் துளிகூடக் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகியவை இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள். கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை கிரேடு போட்டு, ஸ்லாப் எனப்படும் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவார்கள். கட்டணம் கார்டு ஒன்றுக்குச் சுமார் பதினைந்து, இருபது டாலரில் தொடங்கும். போகவர தபால் செலவும் காப்பீடும் தனி. அதிகம் அறியப்படாத ஆட்டக்காரரின் அடிபட்ட கார்டோ சில டாலருக்குத்தான் விலைபோகும். ‘1’ என்ற சீட்டோடு திரும்பி வந்தபின் அதை விற்றால் கட்டின கட்டணம்கூடக் கைக்கு வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

“என் கார்டு அவ்வளவு மோசமில்லை, 5 வரும்” என்று நினைப்பீர்கள். இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மெல்லிய மடிப்பு, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். அது ஒன்றே கிரேடைப் பாதாளத்துக்கு இழுத்துவிடும். அந்தக் காலத்துச் சிறுவர்கள் கார்டுகளை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். பிய்த்தெடுக்கும்போது பின்பக்கக் காகிதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கார்டு 1க்கோ 2க்கோ தான் தேறும். ஊசித்துளையும் பேனாக் கிறுக்கலும் இதே வேலையைச் செய்யும்.

அளவுகோல் வைத்து அளந்தும் பாருங்கள். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டு 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1957இலிருந்து 2½க்கு 3½. அளவு குறைந்தால், மழுங்கிய ஓரத்தை யாரோ கத்தரித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட கார்டுக்கு எண்ணே கிடைக்காது. ‘மாற்றப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்பும், கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. நீங்களும் கை வைக்காதீர்கள்! அழிப்பானால் அழுக்கைத் தேய்ப்பது, மூலைக்கு ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டுவது, மடிப்பை அழுத்தி நிமிர்த்துவது எல்லாமே இருக்கிற கொஞ்ச மதிப்பையும் கெடுத்துவிடும்.

கம்பெனி ஒட்டிய சீட்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்றைத்தான் பிஎஸ்ஏ முதன்முதலில் கிரேடு செய்தது. 8 கொடுத்தார்கள். அதன் ஓரத்தைக் கத்தரித்தது தானே என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013இல் ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் கசங்கிய கார்டை அனுப்பவே கூடாதா? சில பெயர்களுக்கு அவசியம் அனுப்ப வேண்டும். 1933ஆம் ஆண்டு கௌடி கம்பெனியின் பேப் ரூத், 1952 மேன்டில், 1954 ஹேங்க் ஆரன், 1955 ராபர்ட்டோ கிளமென்டே போன்றவை எவ்வளவு அடிபட்டிருந்தாலும் நல்ல விலைக்குப் போகும். வாக்னர் கார்டின் கிழிந்த பாதி ஒன்று 2022இல் 4 லட்சத்து 75 ஆயிரம் டாலரைத் தாண்டி விற்றது. இங்கே நீங்கள் கட்டணம் கட்டுவது எண்ணுக்காக அல்ல, அசல் என்ற சான்றுக்காக. ஏனென்றால் போலிகள் குவிந்து கிடப்பது இந்தப் பெயர்களில்தான். 1952 வரிசையை டாப்ஸே 1983இல் சிறிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. மறுபதிப்புக் கார்டின் பின்பக்கம் இருக்கும் குறிப்பைச் சுரண்டிவிட்டு, மூலையைத் தேய்த்து, அழுக்கேற்றி, “தாத்தா காலத்துக் கார்டு” என்று விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கசங்கல் போலியை மறைக்கும் திரை. பின்பக்கம் சுரண்டிய மேன்டில் மலிவாக வந்தால், சான்று இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஸ்லாபிலேயே போலி உண்டு. அதில் உள்ள சான்று எண்ணைக் கம்பெனியின் பதிவில் தட்டிப் பார்த்து, கையில் இருக்கும் கார்டோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

“பெட்டியோடு கொடுங்கள், நாங்களே அனுப்பித் தருகிறோம்” என்று வரும் இடைத்தரகர்களிடமும் கவனம் தேவை. கார்டுக்கு 1 வந்தாலும் 8 வந்தாலும் அவர்கள் கூலி அவர்களுக்கு வந்துவிடும்.

அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு வழி உண்டு: அதே கார்டு, அதே ஆண்டு, கிரேடு 1 அல்லது 2. இது உண்மையில் என்ன விலைக்கு விற்றிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை கணக்கில்லை. அதிலிருந்து கட்டணத்தையும் தபால் செலவையும் கழித்து, கிரேடு இல்லாமல் விற்றால் கிடைப்பதைவிடக் கணிசமாக மிஞ்சினால் மட்டும் அனுப்புங்கள். மற்றதை மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து மகிழுங்கள். பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தால், இன்றே பிரித்துவிடுங்கள்.