பேஸ்பாலில் இடது கைக்கு ஏன் மவுசு? 2 கையாலும் பந்து வீசியவரால் வந்த கலாட்டா!

2008-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு பேஸ்பால் போட்டியில் பெரிய கூத்தே நடந்தது.

ஸ்டேட்டன் ஐலண்ட் யாங்கீஸ் அணிக்கு பந்து வீச வந்தவர் பேட் வெண்டெட்டி. இவர் 2 கையாலும் வீசும் கில்லாடி. எதிரே நின்ற புரூக்ளின் வீரர் ரால்ப் ஹென்ரிக்கசோ 2 பக்கமும் நின்று அடிப்பவர்.

வெண்டெட்டி வலது கையில் பந்தை எடுத்தால், ஹென்ரிக்கஸ் இடது பக்கம் ஓடினார். வெண்டெட்டி கையை மாற்றினால் அவரும் பக்கத்தை மாற்றினார். ஒரு பந்து கூட வீசாமல் நேரம் போனது.

கடைசியில் நடுவர்கள் கூடிப்பேசி, பேட்ஸ்மேன்தான் முதலில் பக்கத்தை முடிவு செய்யணும் என்றனர். அவர் வலது பக்கம் நின்றார். வெண்டெட்டி வலது கையாலேயே வீசி அவரை அவுட்டாக்கினார்.

இந்த கலாட்டாவுக்கு பிறகு, எந்த கையால் வீசப் போகிறார் என்பதை பிட்சர்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அதே ஆண்டில் விதி வந்தது.

கைக்கு ஏன் இத்தனை சண்டை?

விலகி ஓடும் பந்து

பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்ஸ்மேனுக்கும் இடையே தூரம் 60 அடி 6 அங்குலம். 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அரை வினாடிக்குள் வந்து விடும்.

வலது கை பிட்சர் வீசும் 'சிலைடர்' பந்து, வலது கை பேட்ஸ்மேனை விட்டு விலகி ஓடும். இடது கை பேட்ஸ்மேனுக்கு அதே பந்து உள்ளே வரும். பந்து கையை விட்டு கிளம்புவதும் அவருக்கு நன்றாக தெரியும். அடிப்பது சுலபம்.

இதனால் ஒரே ஒரு இடது கை பேட்ஸ்மேனுக்கு வீசி விட்டுப் போகவே இடது கை பிட்சர்களை வைத்திருந்தார்கள். இன்னிங்ஸ் முடியாவிட்டால் குறைந்தது 3 பேருக்கு வீசியே ஆகணும் என்று 2020-ல் விதி வந்ததும் அந்த பிழைப்பில் மண் விழுந்தது.

முதல் பேசுக்கு நேர் எதிரே

இடது கைக்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. வீசத் தயாராகி நிற்கும்போது அவரது முகம் முதல் பேசை பார்த்தபடி இருக்கும். அங்கிருந்து 2-வது பேசுக்கு நைசாக ஓடப் பார்ப்பவரை மடக்குவது எளிது. வலது கைக்காரர் உடம்பையே திருப்பணும். யாங்கீஸ் அணியின் ஆண்டி பெட்டிட் இதில் பேர் போனவர்.

உடம்புக்கு ஒரே வேலைதான்

ஆனால் வீசும் முறை இருவருக்கும் ஒன்றுதான். கண்ணாடியில் பார்ப்பது போல பக்கம் மட்டும் மாறும். வலது கைக்காரர் இடது காலையும், இடது கைக்காரர் வலது காலையும் தூக்கி முன்னால் வைப்பார். அந்த விசை இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி பந்துக்குப் போகும்.

இதில் அடி வாங்குவது முழங்கையின் உள்பக்க தசைநார். அது அறுந்தால் ஆபரேஷன்தான். 1974-ல் டாக்டர் பிராங்க் ஜோப் முதன்முதலாக இந்த ஆபரேஷனை செய்தது இடது கை பிட்சர் டாமி ஜானுக்கு. அவர் 1976-ல் களம் திரும்பி, மேலும் 164 வெற்றிகளை குவித்தார். இன்றும் அது 'டாமி ஜான் ஆபரேஷன்' என்றே அழைக்கப்படுகிறது.

கையை மாற்ற முடியுமா?

ஒரு கை போனால் மறு கை என்று நினைத்தால் நடக்காது. சிறு வயதில் இருந்தே வீசுபவர்களுக்கு, வீசும் கையின் மேல் எலும்பே மற்ற கையை விட பின்பக்கமாக முறுகி இருக்கும். அதனால்தான் அந்த கை நன்றாக பின்னால் வளைகிறது. வளர்ந்த பிறகு மறு கைக்கு அது வராது.

வெண்டெட்டிக்கு 3 வயதில் இருந்தே 2 கைக்கும் பயிற்சி கொடுத்தவர் அவரது அப்பா. அப்படியும் வலது கையால் மேலிருந்தும், இடது கையால் பக்கவாட்டிலும்தான் வீசினார். 2 கட்டை விரல் கொண்ட 6 விரல் கையுறையுடன் 2015-ல் ஓக்லண்ட் அணி மூலம் மேஜர் லீக்கில் நுழைந்தார்.

2024-ல் சியாட்டில் மரைனர்ஸ் அணி, 2 கையாலும் வீசும் ஜுராஞ்செலோ செயின்ஜாவை முதல் சுற்றிலேயே 15-வது ஆளாக தேர்வு செய்தது. இவர் பிறவியில் இடது கைக்காரர். வலது கையை சின்ன வயதிலேயே பழக்கிக் கொண்டார்.